ஒத்தும் தாளமும்: சென்னை நகரின் இளையோர் கூட்டிசைப் பயிற்சி – ஒரு வரலாற்று நோக்கு

'ஒத்து ஊதுகிறான்', 'தாளம் போடுகிறான்', 'ஜால்ரா அடிக்கிறான்', 'பின்பாட்டுப் பாடுகிறான்' – பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஒருவனைப் பழிக்க நம் மக்கள் வழக்கில் உள்ள தொடர்கள் இவை. நான்கும் இசையரங்கிலிருந்து வந்தவை. நான்கும் குழுவின் பின்வரிசையில் இருப்போரின் பணியைச் சுட்டுபவை. முன்வரிசையில் அமர்ந்து நாகசுரம் வாசிப்பவரைக் கொண்டு ஒரு வசைச்சொல்லும் நம் மொழியில் பிறக்கவில்லை. மொழி ஒரு சமுதாயத்தின் மனத்தைக் காட்டும் கண்ணாடி என்பது உண்மையானால், கூட்டாக இசைப்பதில் துணைநிற்போரை நாம் எவ்வாறு மதித்து வந்தோம் என்பதற்கு இந்நான்கு தொடர்களே போதிய சான்றாகும்.

இத்தொடர்களுள் ஒன்றை நான் இளமையிலேயே நேரில் பெற்றேன். பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் மாணவியர் ஐவருள் நானும் ஒருத்தி. ஒலிபெருக்கிக்கு முன் நிற்கும் இடம் என் தோழிக்கு உரியது. அவள் குரல் வளமானது. ஒருநாள் அவள் வரவில்லை. நான் ஓரடி முன்னே சென்றேன். "நீ எங்கே போகிறாய்? நீ பின்பாட்டுதானே?" என்றார் ஆசிரியை. அன்று நான் பட்ட நாணம் பல ஆண்டுகள் நெஞ்சில் கிடந்தது. பின்வரிசையில் நிற்பது தாழ்வு என்ற எண்ணம் அன்று எனக்கு ஐயமின்றிப் பதிந்துவிட்டது. அவ்வெண்ணம் தவறு என்பதை உணர இசைக்குழுக்களின் வரலாற்றை நான் படிக்க வேண்டியிருந்தது.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இலக்கியத்தை விடுத்து இசைக்குழுவைப் பற்றி எழுதலாமா என்று சற்றே தயங்கினேன். ஆயின் 'இசைதல்' என்ற வினைக்கு உடன்படுதல் என்பதே பொருள். பலர் உடன்பட்டு ஒன்றுகூடிப் பத்தாண்டு நடத்தும் அமைப்பும் ஒருவகைக் கூட்டிசையே அன்றோ? அந்தத் துணிவில், இளையோர் ஒன்றுகூடி இசை பயிலும் முறை தமிழகத்தில் எவ்வாறு இருந்தது, சென்னை நகரில் அது எவ்வாறு புதுவடிவம் பெற்றது, அதிலிருந்து செய்யூர் போன்ற நம் சிற்றூர்கள் கொள்ளத்தக்கது யாது என்பவற்றை ஈண்டு ஆராய முற்படுகிறேன்.

இடைக்கழிநாட்டுப் பாணர்

இவ்வாராய்ச்சியைத் தொடங்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலமாகிய அந்த இடைக்கழிநாடு நம் செய்யூர் வட்டத்துக் கடற்கரையே. 269 அடிகளைக் கொண்ட அப்பாட்டில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழி சொல்லப்படுகிறது. அவ்வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என அறிஞர் பலர் கருதுவர். சிறிய யாழைக் கையில் ஏந்திய பாணர்கூட்டம் நாம் இன்று பேருந்தில் கடக்கும் இந்தக் கரைவழியே நடந்து சென்றது என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

பாணர் தனியராகச் சென்றவர் அல்லர், சுற்றத்தோடு சென்றவர். அச்சுற்றத்தில் இளையோரும் இருந்தனர். மலைபடுகடாம் கூத்தர் சுமந்து சென்ற இசைக்கருவிகளைத் தொகுத்துச் சொல்கிறது: முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், எல்லரி, பதலை என அப்பட்டியல் நீள்கிறது. பல கருவிகளின் தொகுதிக்குப் 'பல்லியம்' என்று பெயரிட்டு வழங்கிய மொழி நம்முடையது. இவ்வளவு கருவிகளையும் வாசிக்க ஆட்கள் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி வேண்டும். வழிநடையே அவர்களுடைய பள்ளியாக இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதலாம்.

பயிற்சியின் ஒழுங்கை விரிவாகக் காட்டும் நூல் சிலப்பதிகாரம். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள் மாதவி. அவளுக்கு ஆசிரியர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் அரங்கேற்று காதை தனித்தனியே வகுத்துரைக்கிறது. அரங்கில் கருவிகள் இசைத்த முறையைக் கூறுமிடம் இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. குழலின் வழியே யாழ் நிற்கிறது. யாழின் வழியே தண்ணுமை நிற்கிறது. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி இடக்கை. ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னுள்ளதைக் கேட்டே இயங்குகிறது. இளங்கோவடிகள் இங்கே சொல்வது யார் பெரியவர் என்பதை அன்று. யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதையே. கூட்டிசைப் பயிற்சியின் முதற்பாடம் இதுவே ஆகும்.

கோயில் தந்த பயிற்சி

சோழர் காலத்தில் இப்பயிற்சி கோயிலைச் சார்ந்து நிலைபெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஆக 50 பேர். நாள்தோறும் ஒவ்வொருவருக்கும் முக்குறுணி நெல். இன்றைய சொல்லில் கூறினால் அது நிலையான ஊதியம் பெற்ற ஒரு சேர்ந்திசைக் குழு. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டு நீங்கினாலோ அவருடைய உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும் என்றும், உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைப் பாடச் செய்ய வேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. பிறப்புரிமையோடு தகுதியும் வேண்டப்பட்டது என்பதை இதனால் அறிகிறோம். தகுதி வேண்டுமெனில் பயிற்சி வேண்டும்; அப்பயிற்சியைத் தரும் பொறுப்பு அந்தந்தக் குடும்பத்தின்மேல் விழுந்தது.

பிற்காலத்துப் பெரிய மேளத்தில் இம்முறை மேலும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு 'செட்டு' மேளம் என்றால் நாகசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை சேர்ந்ததாகும். குருவிடம் வந்து சேரும் சிறுவனுக்கு முதலில் நாகசுரம் தரமாட்டார்கள். கையில் தாளத்தைத் தருவார்கள்; அல்லது ஒத்தைத் தருவார்கள். ஒத்து என்பது நாகசுரத்தைப் போன்றதே. ஆயின் விரல்வைத்து வாசிக்கும் துளைகள் அற்றது. இடைவிடாது ஒரே சுருதியை ஊத வேண்டும். மூக்கால் மூச்சை இழுக்கும்போதும் கன்னத்தில் தேக்கிய காற்றால் ஒலி அறாமல் காக்க வேண்டும். திருவிழா இரவுகளில் விடியும்வரை ஊர்வலத்தோடு நடந்து, பல மணி நேரம் ஊதுவான் அந்தச் சிறுவன்.

அவனுக்கு அதனால் என்ன பயன்? குரு ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிப்பதை, ஓர் அடி தொலைவில் நின்று அவன் கேட்கிறான். ஒவ்வொரு சுரமும் தான் ஊதும் அந்த ஒரே சுருதியோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதை அவன் உடலே உணர்கிறது. தாளம் பிடிப்பவனோ தவில்காரரின் கணக்கு எங்குப் பிரிந்து எங்குக் கூடுகிறது என்பதைக் கையால் அறிகிறான். நாகசுரம் அவன் கைக்கு வரும்போது, செவி முன்பே பழுத்திருக்கும். ஒத்து ஊதுதல் என்பது அடிமைத்தனம் அன்று. அது ஓர் இசைக்கலைஞனின் கருவறை. அதனையே நம் மொழி வசையாக்கிவிட்டது.

எனினும் இம்முறையைப் புகழ்ந்து மட்டும் கூறுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அக்கருவறையின் கதவு எல்லார்க்கும் திறந்ததன்று. மேளம் ஒரு குலத்தார்க்கு, பறை வேறொரு குலத்தார்க்கு என வகுக்கப்பட்டிருந்தது. ஒரே ஊரில், ஒரே திருவிழாவில் வாசித்தாலும், பறையடிப்பவர் பிள்ளையும் நாகசுரக்காரர் பிள்ளையும் ஒரே பயிற்சியில் அருகருகே அமர்ந்ததில்லை. பெண்பிள்ளைகள் மேளத்துக்கு வந்தது மிக அரிது. தகுதி வேண்டும் என்று கல்வெட்டு சொன்னது உண்மை. தகுதி பெறும் வாய்ப்பு பிறப்போடு நின்றுவிட்டது என்பதும் உண்மை.

பட்டாளத்து முரசும் ஆதரவற்ற சிறுவரும்

பிறப்புரிமை இல்லாத சிறுவரைத் திரட்டி இசை கற்பிக்கும் முறை சென்னை நகரில் எதிர்பாராத இடமொன்றில் தொடங்கிற்று. 1789இல் எழும்பூரில் கம்பெனிப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. ஐரோப்பியத் தந்தையர்க்கும் பெரும்பாலும் இந்தியத் தாயர்க்கும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். அதன் மேற்பார்வையாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையை ஒத்த ஒரு முறையை அவர் அங்கே கையாண்டார். 1797இல் அதனை நூலாக இலண்டனில் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது ஐரோப்பாவெங்கும் பரவியது.

அவ்வில்லத்துச் சிறுவர் பலர் பின்னர் படைகளில் முரசடிப்போராகவும் குழல் ஊதுவோராகவும் சேர்ந்தனர். அதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் போர்வீரராகச் சேர்தல் கூடாது என 1795இல் கம்பெனி ஆணையிட்டது. முரசடிப்போர், குழலூதுவோர், வாத்தியக் குழுவினர், குதிரை இலாடம் கட்டுவோர் ஆகியோருக்கு மட்டும் அவ்வாணையில் விலக்கு. வாளேந்தத் தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு வாத்தியம் தரப்பட்டது. பின்வரிசை என்னும் இழிவு இங்கும் தொடர்ந்தது எனலாம். ஆயினும் தந்தையின் தொழிலைத் தொடராமல், குடும்ப மரபு ஏதுமின்றி, சிறுவர் பலர் ஓரிடத்தில் தங்கிக் கூட்டிசை பயின்றனர். நகரம் தந்த முதல் மாற்றம் இதுவே.

இத்தகைய தொடக்கம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய இசைக்கல்லூரிகளைக் குறிக்கும் 'கன்சர்வேட்டரி' என்ற சொல்லின் வரலாறே ஆதரவற்ற குழந்தைகளின் வரலாறு. 'பாதுகாத்தல்' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லின் அடியாக அது பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் தொடங்கப்பெற்ற ஆதரவற்றோர் இல்லங்களுக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. அங்கே பிள்ளைகளின் பிழைப்புக்கென இசை கற்பிக்கப்பட்டது. வெனிஸ் நகரில் கைவிடப்பட்ட பெண்குழந்தைகளின் இல்லமொன்றில் 1703 முதல் வயலின் ஆசிரியராக இருந்தவர் புகழ்பெற்ற விவால்டி. அப்பெண்களின் இசைக்குழுவைக் கேட்க அயல்நாட்டுப் பயணிகள் திரண்டனர்.

பட்டாளத்து வாத்தியக் குழு நம் இசைக்கும் ஒரு கொடையைத் தந்து சென்றது. சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் இராமசாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்த காலத்தில், அவர் மகன் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் வயலின் கற்றார் என்பது சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட நூலால் தெரியவருகிறது. அவர் தமையன் முத்துசாமி தீட்சிதர் அக்குழுவினர் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் இயற்றினார். நோட்டுச்சுரம் எனப்படும் அவை இன்றும் இசை பயிலும் சிறுவர்க்குத் தொடக்கப் பாடங்களாக உள்ளன. வயலினும் அன்றுமுதல் நம் பக்கவாத்தியம் ஆயிற்று. ஆயின் பலர் சேர்ந்து வாசிக்கும் முறையை மட்டும் நம் அரங்கு ஏற்கவில்லை. கருவியை எடுத்துக்கொண்டோம், குழுவை விட்டுவிட்டோம்.

பின்வரிசையே முழுவரிசை: சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு

20ஆம் நூற்றாண்டில் சென்னையில் கூட்டிசை வளர்ந்த இடங்கள் தேவாலயங்களும் திரைப்பட இசைக்கூடங்களும் ஆகும். 1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் மேனாட்டுச் சேர்ந்திசையை நகரில் நிலைநிறுத்தியது. திரைப்படத் துறையோ நூற்றுக்கணக்கான கருவியிசைக் கலைஞர்களுக்குச் சோறு போட்டது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் சிறிய அறையொன்றில் மேனாட்டு இசை கற்பித்து வந்தார். அவரிடம் பயின்ற இளைஞருள் ஒருவரே பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா. ஆனால் திரைப்பட இசைக்குழு பயின்றவர்க்கு வேலை தரும் இடமே அன்றி, பயிலாதவர்க்குப் பயிற்சி தரும் இடம் அன்று.

அக்குறையை உணர்ந்தவர் எம்.பி.சீனிவாசன். 1925இல் பிறந்தவர், இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டவர், 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளர், மலையாளத் திரையுலகில் பெரும்புகழ் பெற்றவர். திரைப்பட இசைக்கலைஞர்க்குச் சங்கம் அமைக்க முன்னின்றவரும் அவரே. அவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய அமைப்பு சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. அதில் சேரப் பிறப்புரிமை வேண்டியதில்லை, முன்பயிற்சியும் கட்டாயமில்லை. மாணவரும் அலுவலரும் பெண்களும் ஆண்களும் அருகருகே நின்று பாடினர். பாரதியின் பாடல்களும் பல இந்திய மொழிகளின் பாடல்களும் குரல்களின் பல அடுக்குகளாகப் பிரிந்தும் கூடியும் ஒலித்தன. கருவிகளின் துணை மிகக் குறைவு. தனிப்பாடகர் என ஒருவரை முன்னிறுத்துவது அதன் நோக்கமன்று. என் பள்ளி ஆசிரியை கூறிய சொல்லால் சொல்வதானால், அக்குழுவில் அனைவரும் பின்பாட்டே; ஆதலின் பின்பாட்டே பாட்டு.

இத்தகைய குழு எதனைக் கற்பிக்கிறது? தமிழாசிரியை என்ற முறையில் எனக்குப் புலப்படும் ஒன்றைக் கூறுகிறேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என நாம் வகுப்பறையில் ஓதுகிறோம். கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் மாத்திரையின் அளவு எனத் தொல்காப்பியர் வகுத்ததை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். ஆயின் முப்பது பேர் சேர்ந்து பாடும்போதுதான் அவ்விலக்கணம் உயிர் பெறுகிறது. ஒரு சொல்லின் இறுதியிலுள்ள ஒற்றை முப்பது பேரும் ஒரே கணத்தில் முடிக்காவிட்டால் பாட்டு சிதறிவிடும். ஒருவன் நெடிலைச் சற்றே நீட்டினாலும் அடுத்தவன் சொல்லை அது மூடிவிடும். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் பள்ளம் விழும். ஆகவே ஒருவர் மூச்சு வாங்கும்போது அருகில் உள்ளவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தன் குரலைத் தாழ்த்தி அயலான் குரலைக் கேட்கக் கற்பவனே அங்கே நிலைக்கிறான்.

எம்.பி.எஸ். இப்பயிற்சியை நகரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 1980களில் பள்ளி ஆசிரியர்க்கு நடத்திய சமூகப் பாடல் பயிற்சியிலும் அவர் பங்கு கொண்டார். கேரளத்திலும் மாணவர்களைப் பெருந்திரளாகச் சேர்த்துப் பாடவைத்தார். 1988 மார்ச்சில் இலட்சத்தீவில் இருந்தபோது அவர் காலமானார். அவர் மறைந்த பின்னும் சென்னைக் குழுவினர் அப்பணியைத் தொடர்ந்தனர் என்பது பயிற்சியின் வலிமைக்குச் சான்று. தலைவர் மறைந்தால் கலைவது கூட்டம், கலையாதிருப்பது குழு.

நகரத்துச் சிறுவர் இசைக்குழு

கருவியிசையில் இதனை ஒத்த முயற்சி சென்னையில் இந்நூற்றாண்டில்தான் அமைந்தது. 2008இல் ஏ.ஆர்.ரகுமான் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியைத் தொடங்கினார். அதனை ஒட்டி, அவர் அறக்கட்டளையின் வழியாக, வறிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து கட்டணமின்றிப் பயிற்றும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா உருவாயிற்று. வயலின், வியோலா, செல்லோ முதலிய தந்திக் கருவிகளை வாழ்நாளில் கண்டிராத பிள்ளைகளின் கைகளில் அவை தரப்பட்டன. பின்னாளில் ரகுமானின் இசைப்பதிவுகளிலும் அக்குழு வாசித்துள்ளது. ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்துக்கு உரியதாய்ப் பிறந்து, பின் வசதியுடையோர் கல்லூரிகளுக்கு உரியதாய் மாறிய 'கன்சர்வேட்டரி' என்ற சொல், சென்னையில் மீண்டும் ஏழைப் பிள்ளைகளைத் தேடி வந்தது எனலாம்.

இதற்கு உலகளாவிய முன்மாதிரி வெனிசுவேலா நாட்டில் உண்டு. 1975இல் ஹோசே அந்தோனியோ ஆப்ரே என்பவர் கராகஸ் நகரில் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய முயற்சி, பின்னர் நாடெங்கும் இலட்சக்கணக்கான சிறுவர்களைத் தழுவும் இசைப்பள்ளி அமைப்பாக வளர்ந்தது. அதன் நடைமுறை நாம் அறியாததன்று. குழந்தை கருவியை முற்றக் கற்ற பின்னர் குழுவில் சேர்வதில்லை. சேர்ந்த பின்னரே கற்கிறது. நான்கு சுரம் தெரிந்த பிள்ளை இரண்டு சுரம் தெரிந்த பிள்ளைக்கு ஆசிரியன் ஆகிறான். எழும்பூர் இல்லத்தில் பெல் கையாண்டதும், நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்ததும், மேளத்தில் மூத்த மாணவன் ஒத்து ஊதுபவனுக்கு இரவில் சொல்லிக்கொடுத்ததும் இதுவே அன்றோ?

இளையோர் இசைக்குழுவின் பயிற்சி முறையைச் சுருங்கக் கூறுவது வாசகர்க்குப் பயன்படும். வயலின்காரர் இரு பிரிவாக அமர்வர். இருவருக்கு ஓர் இசையேடு. உட்புறம் இருப்பவர் பக்கத்தைப் புரட்டும்போது மற்றவர் ஒலி அறாமல் வாசிக்க வேண்டும். ஒரு பிரிவின் வில்கள் அனைத்தும் ஒரே திசையில் ஏறி இறங்க வேண்டும். முதலில் பிரிவு பிரிவாகப் பயிற்சி. பின்னரே முழுக்குழுப் பயிற்சி. அவற்றுள் அரியது வாசிக்காதிருக்கும் பயிற்சி. இருபது ஆவர்த்தனம் மௌனமாக எண்ணிக்கொண்டிருந்து, இருபத்தோராவதில் பிசகின்றிச் சேரவேண்டும். அந்த மௌனத்தில் அவன் உறங்கலாகாது. பிறர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பேசுவதற்கே பயிற்றும் நம் கல்வியில், பிறர் பேசி முடிக்கும்வரை எண்ணிக் காத்திருக்கும் இப்பயிற்சிக்கு இடம் எங்கே?

இப்பயிற்சி பரவாமையின் விளைவை நாம் கண்கூடாகக் காண்கிறோம். மாணிக்கவாசகரின் திருவாசகத்தைச் சிம்பனி இசையோடு இணைத்து இளையராஜா 2005இல் வெளியிட்டபோது அதனை வாசித்தது புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழு. 2025 மார்ச்சில் அவருடைய சிம்பனி இலண்டனில் அரங்கேறியபோது வாசித்தது அந்நகரின் ராயல் பில்ஹார்மோனிக் குழு. மும்பையில் 2006 முதல் முழுநேரச் சிம்பனிக் குழுவொன்று இயங்குகிறது. அதைப் போன்ற குழு சென்னைக்கு வாய்க்கவில்லை. எழுதும் மேதையைப் பண்ணைப்புரம் தந்தது. அவர் எழுதியதைச் சேர்ந்து வாசிக்க நூறு கைகளைத் தரும் பொறுப்பு ஒரு தனிமனிதருடையது அன்று, ஒரு சமுதாயத்துடையது. மேதை தானாகத் தோன்றலாம்; பின்வரிசை தானாகத் தோன்றாது.

செய்யூருக்குச் சில சொற்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். சேயாகிய முருகன் உறையும் ஊர் ஆதலின் சேயூர் எனப்பட்ட இவ்வூர் இசைக்குப் புதியதன்று. தெலுங்கிலும் வடமொழியிலும் கீர்த்தனைகள் இயற்றிய செங்கல்வராய சாஸ்திரியார் 19ஆம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு கொண்டு விளங்கினார். அவருக்கு முன்பே அந்தகக்கவி வீரராகவ முதலியார் இவ்வூர் மீது கலம்பகம் பாடினார். பலவகை உறுப்புகளும் பாக்களும் கலந்து வருவதே கலம்பகம். இலக்கியத்தில் அது ஒரு பல்லியம்.

ஆயின் இன்றைய நிலை யாது? சில ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் கோயிலுக்கு மாலைப் பூசையின்போது சென்றிருந்தேன். சுவரோரம் ஓர் இரும்புச் சட்டத்தில் முரசும் மணியும் சேகண்டியும் பொருத்தப்பட்டிருந்தன. தீபாராதனை தொடங்கியதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினான். மோட்டார் சுழன்று முரசை அறைந்தது, மணி அதிர்ந்தது. ஆராதனை முடிந்ததும் மீண்டும் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். அவனை அழைத்து, "தம்பி, உனக்கு மேளம் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது மிஸ். எங்க தாத்தா தவில் வாசிப்பாரு" என்றான். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தச் சிறுவனிடம் தாத்தாவின் மரபு வந்து சேரவில்லை. நகரம் கண்ட புதிய பயிற்சியும் வந்து சேரவில்லை. பழைய சங்கிலி அறுந்துவிட்டது. புதியது இன்னும் இவ்வளவு தொலைவு நீளவில்லை. மேளக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. நாள்முழுதும் ஊதியவனுக்கு உரிய ஊதியம் தராமலும், ஒத்து ஊதுதலை வசையாக்கியும், பிள்ளைகளை அத்தொழிலிலிருந்து விலகச் செய்தவர் நாமே. அத்தொழிலோடு ஒட்டியிருந்த குலவரம்பிலிருந்து பிள்ளைகள் விடுபட்டது நன்றே. ஆனால் வரம்பு உடையும்போது அதனுள் இருந்த பயிற்சியும் சேர்ந்து உடைய வேண்டியதில்லையே.

இக்குறையை நீக்க வெளிநாட்டுக் கருவிகளும் பெரும் நிதியும் வேண்டும் என்று யாரும் மலைக்க வேண்டா. காஞ்சிபுரத்து அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகசுரம், தவில், வயலின், மிருதங்கம் முதலியவை கற்பிக்கப்படுகின்றன. அங்குப் பயின்ற இளைஞர் நம் வட்டாரத்திலும் கிடைப்பர். வாரத்தில் ஒரு மாலை, ஒரு பள்ளிக்கூடத்து முற்றம், முப்பது பிள்ளைகள் – இவை போதும். தவில் வாசித்தவர் பேரனும், பறை வாசிப்பவர் மகளும், மீனவர் குப்பத்துப் பிள்ளையும், உப்பளத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பாயில் அமரட்டும். முதல் ஆண்டு குரல் மட்டும். பாரதி பாடல்களில் இரண்டு. அடுத்த ஆண்டு தாளமும் பறையும் சேரட்டும். எவரும் முன்வரிசை அல்லர் என்பதை மட்டும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். இப்பணியை நம் இலக்கிய வட்டம் தன் பதினோராம் ஆண்டின் முதற்பணியாக ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மாலை வகுப்புக்கு வந்து, பாடற்பொருளும் ஒலிப்புமுறையும் கற்பிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குச் சிறுபறைப் பருவம் என ஒன்றை வகுத்தனர். இறைவனே ஆயினும் குழந்தையாக வந்தால் அவன் கையில் ஒரு சிறுபறை வேண்டும் என்று அவர்கள் கருதினர். நம் பிள்ளைகளுக்கும் அப்பருவம் உண்டு. பொத்தானை அழுத்திவிட்டு விலகி நிற்கும் அந்தக் கைகளுக்கு ஒரு தாளத்தையோ ஓர் ஒத்தையோ கொடுப்போம். அவன் முதலில் கேட்கட்டும். பிறகு ஒத்து ஊதட்டும். என்றேனும் ஒருநாள் அவன் ஊருக்கே வாசிப்பான். வாசிக்காவிட்டாலும் குறையில்லை. அடுத்தவனைக் கேட்கத் தெரிந்த ஒரு மனிதன் ஊருக்குக் கிடைப்பான்.